இப்பத்தான் போனா

குழந்தைகளை வைத்து நாடகம் போடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு குழந்தை ஒன்றுக்குப் போகாமல் எவ்வளவு நேரம் மேடையில் நிற்கும் என்பதைத்தான். என் அனுபவத்தில் நாற்பது நிமிஷம். ஜவ்வாது மலைக் குளிரில் முப்பத்தைந்து. கதை, பாட்டு, உடுப்பு எல்லாம் அதற்கு அப்புறம்.

பள்ளிக்கூடத்தின் வெள்ளிவிழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டுப் பழைய சிரிப்பு நாடகங்களை, முழுக்கப் பாட்டாகவே நடக்கிற நாடகங்களை, நம் மலைப் பிள்ளைகள் நடிக்கிற மாதிரி நான் எப்படி மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். எழுபத்தைந்தாம் வருஷ நாடகத்தைப் பற்றி விசேஷமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு நாடகம்கூட நான் போடாதது ஏன் என்பதையும், சிரமமில்லை என்றால், சொல்ல வேண்டும். எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அறுபத்தைந்து வயதாகிறது, ஆலங்காயத்தில் தனியாக இருக்கிறேன். வரிசையாகவே சொல்கிறேன்.

நான் படித்தது வேலூரில், ஒரு மிஷன் பள்ளி விடுதியில். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா பியானோ வாசித்துக்கொண்டே எங்களை நடிக்க வைப்பார்கள். ஊருக்குப் போகும்போது என்னிடம் மூன்று பாட்டுப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய நாடகங்கள். பிரபுக்கள், சிப்பாய்கள், குடிகாரர்கள், வீட்டைவிட்டு ஓடிப்போகிற பெண்கள். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம்.

அறுபத்து மூன்றில் மலைமேல் உறைவிடப் பள்ளி ஆரம்பித்தபோது பாட்டு டீச்சராகப் போனேன். 'ரஞ்சிதம் டீச்சர்' என்றால் மலை முழுக்கத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஒரு நாடகத்தை எடுத்து வெட்டுவேன். மூன்று மணி நேரத்தை முப்பத்தைந்து நிமிஷமாக்க வேண்டும். காதலை எடுத்துவிடுவேன், காதலன் இருந்த இடத்தில் அண்ணனையோ பள்ளிக்கூடத்தையோ வைப்பேன். குடிகாரன் பாட்டைத் தூங்குமூஞ்சிப் பாட்டாக்குவேன், தள்ளாட்டம் மட்டும் அப்படியே இருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வரியாவது கொடுப்பேன், ஏனென்றால் அந்த ஒரு வரியைக் கேட்க அதன் அம்மா எட்டு மைல் நடந்து வருவாள்.

கடைசியாகச் சுருதி. அதுதான் மனசுக்குக் கஷ்டமான வேலை. மூலப் பாட்டு எங்கேயோ உச்சியில் நிற்கும். பிள்ளைகளின் தொண்டை தாங்காது. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக இறக்கி இறக்கி, நாலரைக் கட்டைக்குக் கொண்டுவந்துதான் பாட வைப்பேன். பன்னிரண்டு வருஷம் அப்படி இறக்கினேன்.

எழுபத்தைந்தில் எடுத்தது ஒரு மாவு மில்காரனின் கதை. அவன் மகள் ஒரு சிப்பாயோடு போவதற்காக மில்லுக்குள்ளேயே ஒளிந்திருப்பாள். அப்பன் தேடி வருவான். ஊரே சேர்ந்து, 'இப்பத்தான் போனாள், அந்தப் பக்கம்' என்று ஒருபுறம் விரட்டும்; ஓடித் திரும்பி வந்தால், 'இல்லை, இந்தப் பக்கம்' என்று இன்னொருபுறம் விரட்டும். அவள் அத்தனை நேரமும் அங்கேயே இருப்பாள். மூச்சு விடாமல் பாடவேண்டிய பாட்டு. வேலூரில் அந்தக் கோஷ்டியில் எனக்கு மூன்றாவது வரிசை.

சிப்பாயைப் பள்ளிக்கூடமாக்கினேன். மகளுக்குப் படிக்க ஆசை. அப்பனுக்கு அவளை ஆடு மேய்க்க அனுப்ப ஆசை. மாவு மில் நம் ஊர்த் தொம்பையானது. சாமை கொட்டி வைக்கிற, மூங்கிலில் பின்னி மண் பூசின தொம்பை. மகள் அதற்குள் ஒளிந்துகொள்வாள். அதற்குள்ளிருந்தே கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டு எழுந்திருப்பாள்.

மகள் வேஷம் கன்னியம்மாளுக்கு. ஈச்சங்கொல்லை அர்ச்சுனனின் மூத்த பெண், பன்னிரண்டு வயது. முதல் நாள் நான் வழக்கம்போல நாலரைக் கட்டையில் ஆரம்பித்தேன்.

"இன்னும் மேல போலாம் டீச்சர்" என்றாள்.

போனேன்.

"இன்னும் மேல."

"தொண்டை கிழிஞ்சிடும்டீ."

"கிழியாது. நீங்க போங்க, நான் வர்றேன்."

ஆறரைக் கட்டையில், புத்தகத்தில் எழுதியிருந்த அதே இடத்தில், அந்தக் கடைசி வரியை அவள் நிறுத்தினாள். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வேலூரில் பதினாலு வயதில் அந்தப் பாட்டைக் கேட்டது. அதற்குப் பிறகு அதன் சொந்த இடத்தில் நான் அதைக் கேட்டதில்லை. பெடலை மிதிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். "இன்னாங்க டீச்சர், தப்பா?" என்றாள் அவள்.

அந்தப் பெண்ணுக்கு மூளையும் உண்டு. ஒத்திகையில் ஒருநாள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இது சரியா வராதுங்க. எங்கப்பா இப்படி ஏமாறவே மாட்டாரு."

"ஏன்?"

"எங்க ஊர்ப் பக்கம் முன்னாடி போறவங்க, வழி பிரியுற எடத்துல தழை போட்டுட்டுத்தான் போவாங்க. எந்தப் பக்கம் போனாங்களோ அந்தப் பக்கம் நுனி. காம்பு மேல ஒரு கல்லு. பின்னாடி வர்றவங்க அதப் பார்த்துத்தான் போவாங்க. வாயால சொன்னா யாரு நம்புவாங்க, தழை சொல்லணும்."

நான் கீழ்நாட்டுக்காரி. பன்னிரண்டு வருஷம் அந்த மலையில் இருந்தும் எனக்கு அது தெரியாது. உடனே நாடகத்தில் சேர்த்துவிட்டேன். கோஷ்டிப் பிள்ளைகள் அப்பனுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பொய்த் தழை போடுவார்கள். அவன் தழையைப் பார்த்துப் பார்த்துத் தப்பு வழியில் போவான். பள்ளிக்குக் கிழக்கே நிஜமாகவே வழி பிரிகிற இடம் ஒன்று இருக்கிறதல்லவா, மேட்டுவழி ஒன்று, ஓடைவழி ஒன்று, இரண்டும் ஈச்சங்கொல்லைக்குத்தான் போகும். அங்கேயே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒத்திகை பார்த்தோம். ஒரே கும்மாளம். அப்பன் வேஷம் போட்ட தேவராஜ் சிரித்துச் சிரித்து ஒட்டுமீசையை விழுங்கிவிட்டான்.

அந்த வருஷம் வேலூரிலிருந்து ஒரு தேர்வுக் குழு வருவதாக இருந்தது. மாவட்டத்தில் ஒரே ஒரு பள்ளியைப் பொறுக்கிச் சென்னையில் குழந்தைகள் விழாவுக்கு அனுப்புவார்கள். ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு நாடகம். மூன்று நாளாக மழை. மேட்டுவழியாக ஊர்ச்சனங்கள் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மதியத்துக்கு மேல் வர ஆரம்பிப்பார்கள். ஓடைவழியில் மழை நாளில் யாரும் வரமாட்டார்கள்.

பிள்ளைகளை மேல்வகுப்பில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். நாலு மணிவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது என் சட்டம், தொண்டைக்கு ஓய்வு. ஐம்பது பிள்ளைகள் முகத்தில் பவுடரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பன்னிரண்டரை மணிக்கு அர்ச்சுனன் வந்தார்.

"கும்புடறேன் டீச்சர். இன்னா, பள்ளிக்கூடத்துல சத்தமே காணோம்?"

"வாங்க. நாலு மணிக்குத்தானே நாடகம்."

"நாடகத்துக்கு வரலீங்க. பாப்பாவைக் கூட்டிக்கினு போலாம்னு வந்தேன். அவுங்க அம்மாவுக்கு நாலு நாளா ஜொரம். ஆளு அடையாளம் தெரியல. 'கன்னி எங்க, கன்னி எங்க'ன்னு அதே பேச்சு. புள்ள மூஞ்சியக் காட்டினா தெளியும்னு பெரியவங்க சொல்றாங்க. காட்டிட்டு நாளைக்கே கொண்டாந்து உட்டுடறேன்."

யோசித்துச் சொன்னேன் என்று சொன்னால் அது பொய். யோசிக்கவில்லை. பதினாலு வயதிலிருந்து என் வாயில் இருந்த வரி அது, தானாக வந்தது.

"அடடா. இப்பத்தான் போனா."

ராகம் இல்லாமல் சொன்னேன். அது ஒன்றுதான் வித்தியாசம்.

"போய்ட்டாளா? வூட்டுக்கா? மேட்டுவழியில எதுர்ல காணலியே."

"பையைத் தூக்கிக்கினு போறதைப் பார்த்தேன். ஊர்லருந்து யாரோ சேதி சொல்லியிருப்பாங்க போல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நானே கோபத்துல இருக்கேன்."

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். அம்மான்னா அதுக்கு உசுரு." என் கோபத்துக்காக அவர் மன்னிப்புக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்கார கெங்கம்மாள் வெளியே வந்தாள். "யாரு, அர்ச்சுனண்ணனா? கன்னியவா தேடறீங்க? காலையில கஞ்சிக்கு வந்துச்சே."

"காலையில இருந்தா கெங்கம்மா. இப்பத்தான் போனா" என்றேன். இரண்டாம் முறை இன்னும் சுலபமாக இருந்தது. "அண்ணன் நனைஞ்சு வந்திருக்கார். முதல்ல சோறு போடு."

"இல்லீங்க டீச்சர், கெளம்பறேன். புள்ள தனியாப் போவுது."

"சின்னப் பிள்ளை நடை. நீங்க நாலு எட்டு வச்சா எட்டிப் பிடிச்சிடுவீங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

"உக்காருண்ணே" என்றாள் கெங்கம்மாள். "நனைஞ்ச கோழியாட்டம் நிக்கிறியே. என் கைச்சோறு தின்னு இதுவரைக்கும் யாரும் சாவல."

"உன் கொழம்பப் பத்தி எங்க பாப்பா வேற மாதிரி சொல்லிச்சே" என்று அவர் சொல்ல, அவள் கரண்டியை ஓங்க, இருவரும் சிரித்தார்கள்.

அவருக்கு நான் சோறு போடச் சொன்னேன் என்பதை மலரில் நீங்கள் அவசியம் போட வேண்டும். சூடான சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. அவர் இரண்டாம் தரம் வேண்டாம் என்றாராம்; 'நல்லாப் போடு' என்று நான்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். பட்டினியாக யாரையும் நான் அனுப்பியதில்லை. நான் திரும்பி வந்தபோது அவர் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"போய்ட்டு வரட்டுங்களா டீச்சர்?"

"போய்ட்டு வாங்க."

ஒன்று பத்துக்குக் கிழக்கு வழியாகப் போனார்.

நாடகம் சரியாக நாலு மணிக்குத் தொடங்கியது. முன்வரிசையில் குழுவைச் சேர்ந்த மூன்று பேர், அதில் ஒருவர் கண்ணாடி போட்ட அம்மாள். பின்னால் எட்டு ஊர்ச் சனம். முதல் பாட்டு முடிந்து கன்னியம்மாள் தொம்பைக்குள் இறங்கியபோது, கெங்கம்மாள் பக்கவாட்டில் வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"டீச்சர், கன்னி இங்கதான் கீது!"

நான் ஆர்மோனியத்தை விடாமலே பார்த்தேன். "அட ஆமாம். அப்போ நான் பார்த்தது காந்தாவா?" காந்தா என்கிற பிள்ளைக்கு அம்மை போட்டு, அன்று மதியம்தான் அதன் மாமா கூட்டிக்கொண்டு போயிருந்தார். "முதுகுப் பக்கம்தான் பார்த்தேன். இரண்டும் ஒரே உயரம்."

"ஐயோ, அண்ணன் வழியெல்லாம் தேடிக்கினு போயிருக்குமே. யாரையாவது அனுப்பலாமா?"

"மூணு மணி நேரம் ஆச்சு. இந்நேரம் வூடு சேர்ந்திருப்பார். நாடகம் முடியட்டும், நானே பிள்ளையைக் கூட்டிக்கினு போறேன்."

அவள் கேட்டுக்கொண்டாள். டீச்சர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், அது ஒரு காலம்.

தேவராஜ் மீசையோடு ஓடி வந்து, "எம் பொண்ணு எங்க?" என்று கேட்டான். ஐம்பது பிள்ளைகள், "இப்பத்தான் போனா மாமா, இப்படித்தான் போனா" என்று கை காட்டினார்கள். ஒருத்தி முன்னால் ஓடித் தழையைப் போட்டாள். அவன் குனிந்து பார்த்து, "தழை பொய் சொல்லாது" என்று தலையை ஆட்டிக்கொண்டு தப்பு வழியில் ஓடினான். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு கிழவர், "அடேய் மடையா, அது தொம்பைக்குள்ள இருக்குதுடா" என்று எழுந்து கத்தினார். கண்ணாடிக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் கன்னியம்மாள் தொம்பைக்குள்ளிருந்து எழுந்தாள். கடைசி வரியை ஆறரைக் கட்டையில் நிறுத்தினாள். வெளியே மழை விட்டிருந்ததா, எனக்கு மட்டும் அப்படிக் கேட்டதா தெரியவில்லை. அந்த ஒரு குரல்தான் இருந்தது. என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு கால் நிமிஷம் வேறு இல்லை.

சென்னைக்குப் போவது நாங்கள்தான் என்று குழு அங்கேயே சொல்லிவிட்டது.

நாடகத்துக்கு வந்திருந்த ஈச்சங்கொல்லைக்காரர்களோடு கன்னியம்மாளை நானே மேட்டுவழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் அம்மா முத்தம்மாள் கண் திறந்து, "பாப்பா வந்துட்டாளா?" என்று கேட்டாள். அப்புறம், "அவர் எங்க?" என்றாள்.

விடிந்ததும் தேடினார்கள். ஓடையில், இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்தார். கோணிப்பை மட்டும் கரையில் மடித்தபடி இருந்ததாம். தண்ணீர் இடுப்புக்கு மேல் போகிற நாளில் அவர் ஏன் இறங்கினார் என்று யாருக்கும் புரியவில்லை. அந்த ஓடையை அறியாதவர் இல்லை. மகள் அதைத் தாண்டிப் போயிருக்கிறாள் என்று நம்பினால் ஒழிய இறங்கியிருக்க மாட்டார்.

ஊர்ப் பெரியவர் மாதையன்தான் வழி பிரிகிற இடத்தைப் போய்ப் பார்த்தார். ஓடைவழியில் ஒரு புங்கந்தழை கிடந்தது. நுனி ஓடையைப் பார்த்து, காம்பின் மேல் கல். அதை எடுத்துக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்னால், "இது யாரு போட்டது?" என்று கேட்டார்.

கன்னியம்மாள்தான் எழுந்தாள். முந்தின நாள் பவுடர் காதோரம் இன்னும் இருந்தது.

"நான்தான் பெரியப்பா. ஒத்திகைக்குப் போட்டது. மூணு நாளு ஆச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டு வரச்சொல்லி டீச்சர் சொன்னாங்க. எடுத்தேன்னுதான் நெனச்சேன். ஒண்ணு உட்டுட்டேன் போல."

மாதையன் தழையைத் திருப்பிப் பார்த்தார். "மூணு நாளுத் தழை இப்படியா பச்சையா இருக்கும்?"

அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் பதில் நான்தான் சொன்னேன்.

"மூணு நாளா மழை விடலையே பெரியவரே. மழையில தழை வாடுமா?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே தழையைக் கீழே வைத்தார். "வாடாது" என்றார். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது, போனது. காந்தாவைக் கன்னியம்மாள் என்று நினைத்துச் சொல்லிவிட்டதாக நானும் எழுதிக் கொடுத்தேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. 'பார்வை மங்கின வயசு' என்றார்கள். அடுத்த மாதம் வாணியம்பாடிக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். இன்றுவரை போட்டிருக்கிறேன். என் பார்வை அப்போதும் நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. அது வெறும் கண்ணாடி.

சென்னைக்கு வேறொரு பெண்ணை வைத்துப் போனோம். நாலரைக் கட்டை. ஆறுதல் பரிசு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்தம்மாள் சாகவில்லை. இரண்டு நாளில் ஜுரம் விட்டுவிட்டது. அன்று மதியம் நான் பிள்ளையை அனுப்பியிருந்தால் கன்னி நாடகத்தை இழந்ததுதான் மிச்சமாக இருந்திருக்கும். என் முடிவு தப்பு என்று அந்த வகையில் யாரும் சொல்ல முடியாது.

இப்போது, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் எங்கே போயிருந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

நான் குடையை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தேன். வழி பிரிகிற இடம் ஐந்து நிமிஷ நடை. நடக்கும்போது நன்றாக யோசித்தேன். அந்தப் பொய்யைச் சொன்னபோது யோசிக்காததற்கும் சேர்த்து. மேட்டுவழியில் போனால் எதிரே நாடகத்துக்கு வருகிற சனங்கள் வருவார்கள். 'கன்னியா? நாங்க பாக்கலையே' என்பார்கள். அரைமணியில் திரும்பி வந்துவிடுவார். திரும்பி வந்து கதவைத் தட்டினால் எல்லாம் போயிற்று. ஓடைவழியில் சொல்ல ஆள் இல்லை. ஓடைவரைக்கும் போவார், தண்ணீரைப் பார்ப்பார், கரையில் உட்கார்ந்து கூப்பிட்டுப் பார்ப்பார், தேடுவார். எப்படியும் ஐந்து மணி ஆகிவிடும். எனக்கு வேண்டியது ஐந்து மணிதான்.

ஆனால் மழையில் அவர் ஏன் ஓடைவழியில் போவார்? வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். தழை சொல்ல வேண்டும்.

புங்கமரத்தில் எட்டும் கிளையாகப் பார்த்து ஒடித்தேன். நுனியை ஓடையைப் பார்த்து வைத்தேன். காம்பின் மேல் கல் வைத்தேன். கல் சின்னதாக இருந்தது. சின்னப் பிள்ளை தூக்குகிற அளவுக்கு இருக்கட்டும் என்று பார்த்துத்தான் எடுத்தேன். ஒத்திகையில் பிள்ளைகள் போட்டதை நானே நின்று ஒவ்வொன்றாக எண்ணி எடுக்க வைத்தவள்; அங்கே ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவர் தண்ணீரில் இறங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். 'எங்கப்பாவுக்கு நான்னா உசுரு டீச்சர்' என்று அந்தப் பெண் சொன்னது எனக்கு நினைவில்லாமல் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஏன் நாடகம் போடவில்லை என்று கேட்டீர்கள். முயற்சி செய்தேன். அடுத்த வருஷமே வேறு ஒரு புத்தகத்தைப் பிரித்தேன். எனக்கு எந்தக் கதையும் பேச்சாகத்தான் கேட்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி. பக்கத்தைத் திறந்தால் ஆட்கள் பேசத் தொடங்குவார்கள். இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், பிரபு பேச வேண்டிய இடத்தில், சிப்பாய் பேச வேண்டிய இடத்தில், ஒரே ஆள்தான் வருகிறார். மரியாதையாக, ஈரக் கோணிப்பையோடு. "எந்தப் பக்கமுங்க டீச்சர்?" என்கிறார். நான் பதில் சொல்வதில்லை. அவர் போவதும் இல்லை. மழை நாளில் புத்தகமே வேண்டாம். அவராகவே வந்து வாசலில் நின்று கேட்கிறார். பதின்மூன்று வருஷமாகக் கோபம் இல்லாமல் கேட்கிறார். அதுதான் எனக்குப் புரியவில்லை.

கன்னியம்மாள் அன்றோடு பாடுவதை விட்டுவிட்டாள். பள்ளிக்கும் வரவில்லை. அப்பாவின் நிலத்தில் அம்மாவோடு சாமை விதைக்கிறாள். கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்களை, தம்பி தங்கைகளுக்கு ஆகட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வழி பிரிகிற இடத்தைத் தாண்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதாகக் கெங்கம்மாள் ஒருமுறை சொன்னாள்.

வருஷா வருஷம் ஐப்பசி கடைசி வெள்ளிக்கு அவள் என்னைப் பார்க்க ஆலங்காயம் இறங்கி வருகிறாள். ஒரு படி சாமை, ஒரு பாட்டில் தேன். உள்ளே வந்து உட்காரமாட்டாள். நின்றுகொண்டே கேட்பாள்.

"நான் செஞ்சதுக்கு மன்னிப்பு உண்டா டீச்சர்? உங்களுக்கும் எவ்வளவு சங்கடம். உங்க நாடகமே நின்னு போச்சு."

நான் அவள் தலையில் கை வைப்பேன். "நீ குழந்தை. தெரியாம செஞ்சது" என்பேன். அவள் அழுவாள், கண்ணைத் துடைத்துக்கொள்வாள், மூன்று மணி பஸ்ஸுக்குப் போவாள். அவளுக்கு அது பெரிய ஆறுதல்; முகத்தைப் பார்த்தாலே தெரியும். வேறு யார் அவளுக்கு அதைக் கொடுக்க முடியும்? ஒரு வருஷம்கூடத் தவறாமல் நான் அவளை மன்னித்து அனுப்புகிறேன்.